ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் பாடம் கேட்டவர்

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவர் கோயில் என்னும் குடைவரையின் விதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே தீட்டப்பட்டுள்ள தாமரைத் தடாகமும், அதில் நீந்தும் மீன்களும், இறங்கி நிற்கும் யானையும் எருமையும், மலர் கொய்யும் மூவரும் கண்ணுக்கு விருந்தானவைதாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை இருக்கிறது. செங்குத்தான வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேருகிறவர்கள் சிலரே. போனால், வழுவழுப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகளைக் காணலாம். தலைமாட்டில் கல்லே தலையணையாக அமைந்திருக்கிறது. அவற்றுள் ஒன்றின்மீது, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துக்கள் உள்ளன.

படுக்கைக்குத் தமிழில் பள்ளி என்று பெயர். சமண முனிவர் படுத்துறங்கிய இடம் பள்ளியாயிற்று. அவர்கள் தங்கிய இடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால், கற்பிக்கும் இடத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது என்று அறிஞர் பலர் கூறுவர். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி ஆகிய நான்கையும் தானங்களாக எண்ணியவர்கள் அவர்கள். பசித்தவனுக்குச் சோறிடும்போது குலம் கோத்திரம் கேட்பது எப்படித் தகாதோ, அப்படியே கல்வி கொடுக்கும்போதும் தகாது என்பது இவ்வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. இவ்வட்டாரத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயர் வேலை பார்க்கும் நமக்கு இந்தக் குன்றைக் கடந்து போகும்போதெல்லாம் இந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை.

எனினும், பள்ளியின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததாக நம் தேசத்துச் சரித்திரம் சொல்லவில்லை. சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. பெண்ணாய்ப் பிறந்ததனால் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. நமது புதுக்கோட்டையிலேயே, 1886-ம் வருஷம் பிறந்த முத்துலட்சுமி என்னும் பெண் மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க விரும்பியபோது ஊரில் பெரிய எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து அனுமதி தந்திராவிட்டால், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சட்டசபையில் அமர்ந்து, அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவ நிலையத்தையும் நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசியாகத் திறந்த கதவு, கண் தெரியாத குழந்தைக்கும், காது கேளாத குழந்தைக்கும், அறிவு மெல்ல மலரும் குழந்தைக்கும் உரியது. அது இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. சட்டம் திறந்துவிட்டது, நம் மனம் முழுவதும் திறக்கவில்லை. “அந்தப் பையனுக்குப் பக்கத்தில் எங்கள் குழந்தையை உட்கார வைக்காதீர்கள் ஸார், பாடம் பின்தங்கிவிடும்” என்று நம்மிடம் தணிந்த குரலில் சொல்லிப் போன பெற்றோர் ஒருவரல்லர், இருவரல்லர். எல்லோரும் நன்கு படித்த குடும்பத்தினர், தருமத்துக்கு அஞ்சுகிறவர்கள். அவர்களைக் கொடியவர் என்று நாம் எண்ணவில்லை. அவர்களுக்கு விடையாக நாம் உபதேசம் செய்ய விரும்பவுமில்லை. இத்தாலி தேசத்திலிருந்து வந்து நம் தமிழ்நாட்டில் பல வருஷம் வாழ்ந்த ஓர் ஆசிரியையின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

இப்பெயரை நம் நகரங்களில் அறியாதவர் இல்லை. தெருவுக்கொரு மாண்டிசோரி பலகை தொங்குகிறது. ஆனால் அம்மையாரின் முறை எங்கே, யாரிடத்தில் பிறந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளுக்காக யாரோ மேல்நாட்டு அறிஞர் கண்டுபிடித்த முறை என்று எண்ணிக்கொண்டிருப்போர் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது.

1870-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்த மாண்டிசோரி, 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். அந்நாட்டின் முதல் பெண் டாக்டர்களுள் அவர் ஒருவர். அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று அங்கே பள்ளி கிடையாது. அவர்களைச் சித்தப்பிரமை கொண்ட பெரியவர்களோடு சேர்த்து ஒரே விடுதியில் அடைத்து வைப்பது வழக்கம். நோயாளிகளைப் பார்வையிட அவ்விடுதிகளுக்குச் சென்ற இளம் டாக்டர் ஒரு காட்சியைக் கண்டதாகச் சொல்வார்கள். உணவு முடிந்தவுடன் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். காவல் பெண் அதைச் சுட்டிக்காட்டி, பேராசை பிடித்த பிறவிகள் என்று அருவருத்தாள். டாக்டரோ சுற்றிலும் பார்த்தார். வெற்றுச் சுவர், வெற்றுத் தரை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் அந்த அறையில் இல்லை. அந்தக் குழந்தைகள் துணுக்குகளைத் தின்பதற்கு முன் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தனர். வயிறு பசிக்கவில்லை, கை பசிக்கிறது என்று அவருக்குப் புலப்பட்டது.

இங்கிருந்து தொடங்குகிறது கதை. அக்குழந்தைகளின் குறை மருந்தால் தீர்வதல்ல, கல்வியால் தீரவேண்டியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதற்கு வழி தேடியபோது, பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் இரண்டு அவர் கைக்கு வந்தன. ஒன்று, டாக்டர் இடார் எழுதியது. அவேரான் என்னும் பிரதேசத்துக் காட்டில் தனியே வளர்ந்து பிடிபட்டு, பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஊமைச் சிறுவன் ஒருவனுக்கு விக்டர் என்று பெயரிட்டு, ஐந்து வருஷம் பொறுமையாகக் கற்பித்தவர் அவர். மற்றொன்று, இடாரிடம் பயின்ற ஸெகன் எழுதியது. புலன்களைப் படிப்படியாகப் பழக்கி, கையின் வழியாக அறிவை எழுப்பலாம் என்பது ஸெகன் கண்ட வழி. இந்தப் புத்தகங்களை மாண்டிசோரி வெறுமனே வாசித்துவிடவில்லை. ஒவ்வொரு சொல்லின் பொருளும் மனத்தில் ஊறவேண்டும் என்று, தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். கல்வியைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்பதைவிட ஒரு நல்ல புத்தகத்தைக் கைப்படப் பிரதி செய்வது மேல் என்று நாம் நம் மாணாக்கரிடம் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

1900-ம் வருஷம் ரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. டாக்டர் மான்டெசானோ என்பவரோடு சேர்ந்து மாண்டிசோரி அதை நடத்தினார். பகல் முழுவதும் தாமே குழந்தைகளோடு இருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்துவைத்தார். உருளைகள், பித்தான் போடும் சட்டங்கள், விரலால் தடவிப் பார்க்கும் எழுத்துக்கள் என்று பலவகைப் பொருள்களைச் செய்துவைத்தார். பயனற்றவர் என்று ஊரார் கைவிட்ட பிள்ளைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு சர்க்கார் பரீட்சை எழுதித் தேறியும் விட்டார்கள்.

நகரமே வியந்தது. பத்திரிகைகள் அதிசயம் என்று எழுதின. இந்த இடத்தில்தான் அம்மையார் மற்றவர்களினின்று வேறுபடுகிறார். எல்லோரும் தம் மாணாக்கரின் முன்னேற்றத்தைக் கண்டு வியந்துகொண்டிருக்க, தாம் வேறொன்றைப் பற்றிக் கவலைப்பட்டதாக அவர் பின்னர் எழுதினார்: நோயில்லாத, குறையில்லாத பிள்ளைகள் இவர்களோடு ஒரே தராசில் நிறுக்கப்படும்படி அவ்வளவு தாழ்ந்து கிடப்பானேன்? குறை குழந்தைகளிடத்தில் இல்லாமல், கற்பிக்கும் முறையில் இருந்தால்?

நேயர்கள் இந்தக் கேள்வியைச் சற்று நின்று நோக்கவேண்டும். குறைபாடுள்ள குழந்தையை வகுப்பில் சேர்த்தால் மற்றக் குழந்தைகளின் படிப்புக் கெட்டுப்போகும் என்பது நம்மவர் அச்சம். மாண்டிசோரி அம்மையாரோ, குறைபாடுள்ள குழந்தைக்காகக் கண்ட வழியைக்கொண்டே மற்றக் குழந்தைகளின் படிப்பைச் சீர்திருத்தினார். இன்று நகரத்துப் பெற்றோர் பெருந்தொகை கொடுத்து வாங்கும் கல்வி, ரோமாபுரியில் யாரும் வேண்டாம் என்று தள்ளிய பிள்ளைகள் உலகத்துக்குக் கொடுத்த கொடை.

1907 ஜனவரி 6-ந் தேதி சான் லோரென்ஸோ என்ற சேரிப்பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அது கல்வித் தொண்டாகத் தொடங்கியதுகூட அன்று. அங்கிருந்த தொழிலாளர் குடியிருப்புகளைச் செப்பனிட்ட நிறுவனத்தார், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் புதுச் சுவர்களைப் பாழாக்காமல் காவல் செய்ய யாராவது வேண்டுமென்று தேடினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள், எழுத்தறியாத பெற்றோர், அழுத முகங்கள். அவர்களுக்கு முன்னே, பழைய பள்ளியில் பயன்படுத்திய பொருள்களைத் தக்கபடி மாற்றி அம்மையார் வைத்தார்.

அங்கே நடந்த ஒரு சிறு சம்பவம் நமக்கு மிகவும் பிடித்தது. ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று நிதானமாகச் செய்து காட்டினார். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் குழந்தைகள் அனைவரும் கை தட்டினார்கள். மூக்கைத் துடை, மூக்கைத் துடை என்று நாள்தோறும் அதட்டப்பட்ட அவர்களுக்கு, எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை! நம் வகுப்புகளிலும் அதட்டப்படுவன பல, கற்பிக்கப்படுவன சில.

எழுத்தும் அப்படியே வந்தது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். எழுது என்று யாரும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் வெயிலடித்த ஒருநாள் மாடியில் அமர்ந்திருந்தபோது, ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியின் படத்தை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்து முடித்த சிறுவன் திடீரென்று தரையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, எனக்கு எழுத வருகிறது என்று கூவினான். மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டு எழுதத் தொடங்கினார்கள். கை முன்பே கற்றுவிட்டிருந்தது. மனத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

இதன்பின் அவர் பெயர் உலகெங்கும் பரவியதைப் பற்றி நாம் விரிக்க வேண்டியதில்லை. அம்மையாரிடம் குறைகளும் இருந்தன. தம் கருவிகளையும் பயிற்சியையும் தம் பிடியைவிட்டு வெளியே செல்லவிடாமல் காப்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். முஸோலினியின் ஆதரவை 1920-களில் ஏற்றுக்கொண்டதும் அவர் வரலாற்றில் மறைக்கத்தகாத ஒரு பகுதி. பள்ளிப் பிள்ளைகளைச் சிப்பாய்களாக்க விரும்பிய ஆட்சியோடு அந்த உறவு நீடிக்க இயலுமா? முறிந்தது, 1934-ல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் தங்கினார், 1936-ல் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஹாலந்துக்குப் போனார். ஐரோப்பாவில் நிலைத்து நிற்க இடமில்லாமல் போன அந்த மூதாட்டியைச் சென்னைக்கு அழைத்தவர் பிரம்மஞான சங்கத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேல். அவர் மனைவியாரே கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி.

1939 நவம்பரில், தம் 69-ம் வயதில், மகன் மரியோவுடன் ஆகாய விமானத்தில் அம்மையார் சென்னை வந்து சேர்ந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் பயிற்சிக்குத் திரண்டனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். அவ்வாறு நடந்த வகுப்பில் வெள்ளைப் புடவை உடுத்தி, கழுத்தில் மாலையுடன் அமர்ந்திருக்கும் அம்மையாரின் புகைப்படங்கள் இன்றும் உண்டு.

மூன்று மாதப் பயிற்சிக்காக வந்தவர்கள். 1940 ஜூன் 10-ந் தேதி இத்தாலி யுத்தத்தில் இறங்கியவுடன், பிரிட்டிஷ் சர்க்காருக்கு அவர்கள் இருவரும் சத்துரு தேசத்தாராகிவிட்டார்கள். மரியோவை ஆமத்நகர் முகாமில் அடைத்தார்கள். தாயாரை அடையாற்று எல்லையைவிட்டு வெளியேறக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக என்ன தரலாமென்று யோசித்து, மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்தது என்று முடிவு செய்திருப்பதாக அதில் கண்டிருந்தது. அதுவரை மரியோவை உலகத்தார் பலர் அவருடைய தத்துப் பிள்ளை என்றோ உறவினர் என்றோ மட்டும் அறிந்திருந்தனர். மணமாகாத நிலையில் பெற்ற குழந்தையாதலால், ஊர் வாய்க்கு அஞ்சி, கைக்குழந்தையாகவே கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளரவிட வேண்டியிருந்தது. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் இல்லம் திறந்த அம்மையாருக்குத் தம் குழந்தையைத் தம் இல்லத்தில் வளர்க்கும் உரிமை வெகுகாலம் கிடைக்கவில்லை. ஒதுக்கப்படுவதென்றால் என்னவென்று அவர் மருத்துவப் புத்தகத்தில் மட்டும் படித்தவரல்லர்.

யுத்த காலத்தில், 1942 முதல் 1944 வரை பெரும்பாலும் அவர்கள் கொடைக்கானலில் வாழ்ந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கியும், யுத்தத்துக்கு அஞ்சியும் பல நாட்டவர் அங்கே குடியேறியிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளையும் உள்ளூர்க் குழந்தைகளையும் வைத்து ஒரு சிறிய பள்ளி நடந்தது. அதில் துணை நின்றவர் இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை. அடையாற்றில் பயிற்சி பெற்றவர். சிறு குழந்தைகளுக்கான முறை ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடக்கப் பள்ளி முறையாக முழு உருவம் பெற்றது இந்த மலைமேல்தான்.

அந்தச் சிறு பள்ளியில் வயது வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துவைக்க வசதியில்லை, நோக்கமும் இல்லை. மலைச்சரிவில் அலைந்து இலை, பூ, பாசி, பூச்சி முதலியவற்றைக் கொண்டுவருவார்கள். ஆறு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு ஒன்பது வயதுப் பிள்ளை விடை தேடும். பூமி எப்படித் தோன்றிற்று, நீர் எங்கிருந்து வந்தது, இலையின் வேலை என்ன, மனிதன் எழுத்தைக் கண்டது எப்படி என்று உலகம் முழுவதையும் ஒரு கதையாகச் சொல்லி, அதனுள் கணக்கையும் பூகோளத்தையும் மொழியையும் அவரவர் ஆற்றலுக்கேற்பத் தேடச் செய்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படிக்கவேண்டும் என்ற விதி அங்கே இல்லை. அந்த விதி இல்லையென்றால் “பின்தங்கியவன்” என்ற சொல்லுக்கும் இடமில்லை. யாருக்குப் பின்னே தங்குவது?

இந்நாட்டில் இருந்த வருஷங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களை அவர்கள் பயிற்றினார்கள். 1946-ல் ஐரோப்பா சென்று, மறு வருஷமே திரும்பிவந்து, 1949 வரை இங்கே பணியாற்றினார்கள். அந்த 1949-ல் அடையாற்றிலிருந்து வெளியான அம்மையாரின் பிரசங்கத் தொகுதி, இன்று உலகின் பல மொழிகளில் வழங்கும் “உள்வாங்கும் மனம்” பற்றிய நூல். 1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் அவர் காலமானார்.

அவருடைய முறை நம் நாட்டில் என்ன ஆயிற்று? இதைப் பற்றி நமக்குச் சிறிது மனவருத்தம் உண்டு. 1931 அக்டோபரில் லண்டனில் மகாத்மா காந்தி அம்மையாரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று பேசினார். இக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிட்டவேண்டும் என்ற தம் ஆசையை அன்று அவர் வெளியிட்டார். சேரியில் பிறந்த முறையைப் பற்றி இப்படி ஓர் ஆசையைத் தெரிவிக்க வேண்டி வந்ததே வேடிக்கை. நம் நகரங்களில் பின்னர் நடந்ததோ இன்னும் வேடிக்கை. மாண்டிசோரி என்ற பெயரை யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடை ஒன்றுமில்லை. மரக்கருவிகளின் விலை, மாடிக் கட்டடம், மேல்நாட்டுப் பாட்டு எல்லாம் சேர்ந்து கட்டணம் உயர்ந்தது. அப்படிப் பெயர் வைத்த பள்ளிகளுள் சில, நடக்க இயலாத குழந்தையையும் பேச்சு வராத குழந்தையையும் இடமில்லை என்று திருப்பி அனுப்புகின்றன. யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்கே இடமில்லை!

காந்தியடிகளின் ஆசையை நிறைவேற்ற முனைந்தவர்கள் வேறு சிலர். குஜராத்தில் பவநகரைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா, வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் ஒரு பால மந்திரம் கண்டு இம்முறையை நம் நாட்டுக் கதை, பாட்டு, விளையாட்டு இவற்றோடு இணைத்தார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற ஊரில், 1945-ல், ஆதிவாசிக் குழந்தைகளிடம் இக்கல்வியைக் கொண்டு சென்றார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போயிற்று. விலையுயர்ந்த மரக்கருவிக்குப் பதில் கூழாங்கல், விதை, சிப்பி, இலை. அனுதாய் வாக் என்ற மற்றோர் ஆசிரியை அவருக்குத் துணை. பின்னர் கோஸ்பாட் மலையில் இருவரும் இப்பணியைத் தொடர்ந்தார்கள். முற்றத்தில் நடந்ததனால் அதற்கு அங்கன்வாடி என்று பெயர். 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் நிலையங்களுக்கு அந்தப் பெயரே வழங்கலாயிற்று. நமது அன்னவாசல் வட்டாரத்துச் சிற்றூர்களில், மதியச் சோற்றுக்கு மணி அடிக்கும் அந்தச் சிறு கட்டடத்தின் பெயருக்குள் மாண்டிசோரி அம்மையாரின் சரித்திரமும் ஒரு கீற்று ஒளிந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளிலும் அந்த ஒளி வேறு வழியாக வந்தது. ரிஷிவாலிப் பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவான அட்டை முறையைக் கண்டு, 2003-ம் வருஷம் முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது; அதற்கு முன்னின்றவர் எம். பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. சில வருஷங்களில் அது மாநிலம் முழுவதும் பரவியது. குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை கீழே இறங்கியது. தலைக்குமேல் கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள் தொங்கின. கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோமென்று குழந்தையே பார்த்துக்கொண்டது. அட்டைகளைத் தேடுவதிலேயே நேரம் கழிகிறது என்று ஆசிரியர் பலர் முணுமுணுத்ததும் உண்மை. ஆனால் நாற்பது பிள்ளைகள் நாற்பது படிகளில் நிற்கலாம், அது குற்றமன்று என்று நம் பள்ளிகள் முதன்முறையாக ஒப்புக்கொண்டது அப்போதுதான். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயரிட்டபோதும் அந்த ஒப்புதல் தொடர்ந்தது. முதல் மாணவன், கடைசி மாணவன் என்பதைவிட அரும்பும் மலரும் எவ்வளவு நாகரிகம்!

1994-ல் ஸ்பெயின் தேசத்துச் சலமாங்கா நகரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் குழந்தைகளும் தத்தம் ஊர்ப் பொதுப்பள்ளியில் ஒன்றாகக் கற்பதே நெறி என்று தீர்மானித்தார்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும், 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்ட 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் நம் நாட்டில் அதற்கு வழி செய்தன. இப்போது வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் முறை வைத்துப் பள்ளிகளுக்கு வருகிறார். அவர் செய்யும் பணி பெரிது. ஆனால் அவர் ஒருவர், பள்ளிகள் பல. அவர் வராத நாட்களில் அந்தக் குழந்தை யாருடைய குழந்தை? ஒரே அறையில் உட்கார வைத்து, கையில் ஒரு வண்ணக்கட்டியைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினால், அது சேர்த்துக்கொள்வதாகாது; விடுதி மாறிய அடைப்பு. வகுப்பாசிரியர் கற்பிக்கும் முறையே மாறினாலொழிய அந்தக் குழந்தைக்கு வகுப்பில் இடம் கிடைத்ததாக நாம் ஒப்பமாட்டோம்.

பாடம் பின்தங்குமே என்று அஞ்சும் பெற்றோரை நாம் நம் வகுப்புக்கு வந்து பார்க்கும்படி அழைப்பதுண்டு. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ளவள். கரும்பலகையில் எழுதும் எழுத்து அவள் கண்ணில் நிற்காது. ‘ட’வும் ‘ப’வும் அவளுக்கு ஒன்றே. உப்புத்தாள் வாங்கி வெட்டுவதைவிட எளிதாக ஒரு வழி கண்டோம். வெள்ளாற்று மணலில் ஒரு கைப்பிடியைச் சலித்து எடுத்து, பழைய அட்டைகளில் பசையால் எழுத்தை வரைந்து, அதன்மேல் தூவிக் காயவைத்தோம். செலவு பசைக்கு மட்டும். இரண்டு விரலால் தடவி, ஒலியைச் சொல்லி, மறுபடி தடவச் சொன்னோம். பல வாரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஒருநாள் ‘ட’ அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டே இனங்கண்டு எடுத்துத் தந்தாள்.

அடுத்த வாரமே நமக்கு வேறொரு சங்கடம் வந்தது. மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, தங்களுக்கும் அந்த அட்டைகள் வேண்டுமென்றார்கள். இருந்த அட்டைகளோ ஒரு கட்டு. எனவே முறை வைத்தோம். நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ‘ழ’வைத் தடவிப் பார்த்தான், ‘ள’ என்றான். “இல்லை, இன்னும் ஒரு வளைவு இருக்கு, மெதுவாத் தொடு” என்று அவன் விரலைப் பிடித்துக் காட்டினாள் அச்சிறுமி.

அவனுடைய எழுத்து அதன் பின்னர் திருந்தியிருக்கிறது. அவன் தாயார் சென்ற மாதம் வந்து, அந்த அட்டைகளை எப்படிச் செய்வது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.